பேரில் மட்டும் பட்டணம்

ஒன்பதரைக்குக் கரண்ட் போனது.
செல்போன் வெளிச்சத்தில்
சிலிண்டர் ரசீதின் பின்பக்கம்
மூன்று வீடுகளை எழுதினேன்.

தரங்கம்பாடி: மாடி அறை, கடல் தெரியும், பதினெட்டுப் படி.
நாகப்பட்டினம்: தரைத்தளம், கடல் தெரியாது, கேட்குமாம்.
கடலூரை ஒட்டி தேவனாம்பட்டினம்:
படத்தில் ஒரு நீலக் கட்டில்,
அதனடியில் யாரோ மறந்துபோன ஒற்றைச் செருப்பு.
மூன்றிலும் காலைச் சாப்பாடு வாடகையோடு சேர்த்தி.
என்ன சாப்பாடு என்று எதிலும் இல்லை.

நாங்கள் ஐந்து பேர்.
முனிரத்தினத்தின் குறட்டைக்குத் தனியாக ஒரு சுவர் வேண்டும்.
லோகித்துக்கு எட்டிக் காலை வைத்தால் அலை வேண்டும்.
ரிதன்யா போன மாதம் பன்னிரண்டு முடித்தாள்;
குளியலறைக்குத் தாழ்ப்பாள் இருக்கா என்று கேள்,
அவ்வளவுதான், என்று கதவைச் சாத்திக்கொண்டாள்.
நாத்தனார் சாக்கம்மா
முழங்கால் மாற்றி வைத்து நாலு மாதம்.
காலையில் களி இறங்காவிட்டால்
பொழுது விடிந்ததையே ஒத்துக்கொள்ளாதவள்.
எனக்கு என்ன வேண்டும் என்பதற்குள்
ரசீது முடிந்துவிட்டது.

மாங்கூழ் ஆலையில் கணக்கு எழுதுகிறேன்.
என் கையெழுத்துப் போட்ட டின்கள்
எத்தனையோ கடல் தாண்டிவிட்டன.
நான் கிருஷ்ணகிரி டோல்கேட்டைத் தாண்டியது
இரண்டு கல்யாணத்துக்கும் ஒரு ஆபரேஷனுக்கும்.

தரங்கம்பாடிக்கு அடித்தேன்.
எடுத்தவர் வேதநாயகி. பின்னால் மிக்ஸி ஓடியது.
"எந்த ஊரும்மா?"
"காவேரிப்பட்டணம்."
மிக்ஸி நின்றது.
"பூம்புகார்லேர்ந்தா பேசுறீங்க?
பஸ் ஏறினா முக்கா மணி நேரம், உங்களுக்கு எதுக்கு ரூமு?
கடலு உங்க வாசல்லயே கெடக்கே!"

"அந்தப் பட்டினம் இல்லீங்க, இது கிருஷ்ணகிரி பக்கம்.
பேருல காவேரி, ஓடறது தென்பெண்ணை.
பேருல பட்டணம்,
கப்பல பாத்தது டின்னு மேல ஒட்டற லேபிள்லதான்."

அந்தப் பக்கம் சிரிப்பு அடங்க நேரமானது.
ஒரு ஊர்ப்பெயரில் இரண்டு பொய் இருப்பதை
நானும் அன்றுதான் உரக்கச் சொல்லிக் கேட்டேன்.

"காலைல இட்லி. சனிக்கிழமைன்னா ஆப்பம்."
"களி கெடைக்குங்களா?"
"திருவாதிரைக்குக் கிண்டுறதா?
அது இனிப்பாச்சே, தெனமுமா திம்பாங்க?"

சாக்கம்மா போனைப் பிடுங்கிக்கொண்டாள்.
"கேவுரு களிம்மா. மாவு நான் எடுத்தாறேன்,
துடுப்பும் எடுத்தாறேன், நீ அடுப்ப மட்டும் குடு."
"துடுப்பா? படகு வச்சிருக்கீங்களா?"

இருட்டில் முனிரத்தினம் சிரித்த சிரிப்பில்
லோகித் தூக்கம் கலைந்து
படகு எங்கே என்று அழ ஆரம்பித்தான்.

படி பதினெட்டு என்றதும் சாக்கம்மா உதட்டைப் பிதுக்கினாள்.
கீழே ஓர் அறை உண்டாம்.
ஜன்னலைத் திறந்தால் அடுத்த வீட்டுக் கருவாடு,
கடல் தெரியாது, இருநூறு குறைத்துக்கொள்ளலாம்.
"படுத்துக்கினே பாக்க அது இன்னா டிவியா?
நான் நடந்து போய்ப் பாத்துக்கறேன்" என்றாள்.
நாலு மாதமாக
வாசல் வரை நடக்கச் சொன்னால் வலிக்குது என்றவள்.

ஐநூறு முன்பணம் அனுப்பினேன்.
கரண்ட் வந்தது, ஃபேன் சுற்றியது,
ரசீது பறந்து பீரோவுக்கடியில் போனது.
தேவனாம்பட்டினத்து ஒற்றைச் செருப்பு
இன்னும் கொஞ்ச நேரம் கண்ணுக்குள் இருந்தது.

அப்போதுதான் தாழ்ப்பாள் நினைவு வந்தது.
மறுபடி அடித்தால் எடுக்கவில்லை. மிக்ஸியாக இருக்கும்.
செய்தி அனுப்பிவிட்டுப் படுத்தேன்.

காலையில் பேசிப் பதிந்து அனுப்பியிருந்தார்.
"தாப்பா இருக்கும்மா, புதுசு, நல்லாவே விழும்."
பத்து விநாடி.
எங்கோ வெளியில் நின்று பேசியிருக்கிறார்,
சொல்லுக்கும் சொல்லுக்கும் நடுவில்
பெரிதாக ஏதோ சரிந்து சரிந்து எழுந்தது.

ரிதன்யா அதை மூன்று முறை போட்டாள்.
மூன்றாவது முறை காதோடு ஒட்டிக்கொண்டு.
என்ன என்று பார்த்தேன்.
"தாழ்ப்பாள் இருக்கான்னுதான்" என்றாள்.