நான்காவது சாக்கு

நாகலூரில் காப்பிப் பழம் எடை போடுகிற சாயங்காலம்.
"சாக்குக்கு ரெண்டு கிலோ கழிவு"
எழுதிக்கொண்டே போனார் ஞானப்பிரகாசம்.

அந்த ரெண்டு கிலோ கல்லையே
ஒரு தட்டில் வைத்தேன்.
எதிர்த்தட்டில் என் வெறும் சாக்கு.
அசையவில்லை.
குப்பாயி தன்னுடையதை உதறிப் போட்டாள்.
பிறகு இன்னொன்று.
நான்காவதில் முள் நடுவுக்கு வந்தது.

எட்டாவது படிக்கையில் எக்ஸ்
கரும்பலகையில் யாரோ அடித்துவிட்டுப்போன எழுத்து.
இப்போது கையில்,
பழச்சாறு பிசுபிசுக்க, சணல் நாற்றத்தோடு.

இந்தப் பக்கம் நாலால் வகுத்தால்
அந்தப் பக்கமும் நாலால்.
அரைக் கிலோ.

"முப்பதில் அரை போனா இருபத்தொம்பதரை,
எழுதுங்க."
பேனாவை உதறினார்.
என் பேருக்கு நேரே மட்டும் திருத்தினார்.

மழை இறங்கிவிட்டது.
எனக்குப் பின்னால் இன்னும் பதினோரு பேர்.
தராசை விட்டு நான் நகரவில்லை.