கோசோங்

சேரிங்கிராஸ் டீக்கடையில் முதல் நாள்
வாய் தவறி
"தே ஓ கோசோங்" என்றேன்.
மரியதாஸ் அண்ணன் கடைக்குள் திரும்பிப் பார்த்துவிட்டு
"அப்படி யாரும் இங்க வேலை செய்யலம்மா" என்றார்.

பாலும் வேண்டாம் சர்க்கரையும் வேண்டாம்
வெறும் தேத்தண்ணி.
எங்கள் ஊரில் அதற்கு மூன்று சொல் போதும்.
இங்கே ஒரு விளக்கம் வேண்டும்,
கூடவே ஒரு காரணமும்.
"சுகரா? இந்த வயசுலயா?"

ஊட்டி என்றதும் எல்லோரும் குளிரைச் சொல்லித்தான் பயமுறுத்தினார்கள்.
அம்மா ஈப்போ முழுக்க அலைந்து
இரண்டு ஸ்வெட்டர் வாங்கினாள்.
அத்தை தைலம் கொடுத்தாள்.
தமிழைப் பற்றி
ஒருவரும் எச்சரிக்கவில்லை.

காலையில் "பசியாறியாச்சா" என்று கேட்டால்
விடுதியே சிரிக்கிறது,
கறுப்பு வெள்ளைப் படத்திலிருந்து இறங்கி வந்தவளாம் நான்.
மருந்தியல் வகுப்பில் எல்லாம் புரிகிறது.
பேருந்தில் ஓர் அம்மாள் "கொஞ்சம் அட்ஜஸ்ட் பண்ணிக்கம்மா" என்று
என் இருக்கையில் பாதியை எடுத்துக்கொண்டு
மடியில் முட்டைக்கோஸ் பையையும் வைத்தபோதுதான்
அதற்கு எப்படி முகம் வைத்துக்கொள்வதென்று
தெரியவில்லை.

எஸ்.பி. ஆபீசில் வெளிநாட்டவர் பதிவு.
எனக்கு முன்னால் ஒரு சூடான் பையன்,
பின்னால் ஒரு தான்சானியாப் பெண், மூக்கை உறிஞ்சிக்கொண்டு.
தாய்மொழி என்ற கட்டத்தில்
தமிழ் என்று எழுதினேன், தமிழிலேயே.
எழுத்தர் பேனாவை மூடினார்.
"அப்புறம் நீ எங்கம்மா ஃபாரினர்?"
அன்பாகத்தான் கேட்டார்.
பிறகு ஐந்து நகல் கேட்டார்,
போட்டோ மூன்று, காது தெரிகிற மாதிரி.

அக்டோபரில்
பக்கத்து அறை மகேஸ்வரியின் அம்மா மலையேறி வந்தார்.
எல்லோருக்கும் அதிரசம், எனக்கு மட்டும் இரண்டு.
தலையைத் தடவினார்.
எந்தத் தோட்டம், தாத்தா எப்போது கப்பல் ஏறினார்,
அங்கேயும் கருவேப்பிலை கிடைக்குமா,
எல்லாம் கேட்டு முடித்து
குரலைச் சற்றே இறக்கி
"நீங்க என்ன ஆளுங்கம்மா?"

"தெலுக் இந்தான் ஆளுங்க" என்றேன்.

"அது சரி. அதுக்கும் முன்னால?"

முன்னால் என்றால் பினாங்கா
என்று நான் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தேன்,
அவர் முகத்தில் ஏதோ ஒன்று
மெல்லச் சாத்திக்கொள்ளும்வரை.

அன்றிரவு அம்மாவைக் கூப்பிட்டேன்.
அங்கே நள்ளிரவு தாண்டியிருந்தது,
தகரத்தின்மேல் மழை.
"அதையெல்லாம் எதுக்குக் கேக்குற" என்றாள்.

அப்படியானால் ஒரு பதில் இருக்கிறது.
இருபது வருடம் நான் ஓடி விளையாடிய வீட்டில்
எனக்குக் காட்டாத ஓர் அறை.

ரோகிணிக்குத் தூக்கம் கலைந்திருக்க வேண்டும்.
கோத்தகிரிப் பக்கம் அவள் ஹட்டி,
வீட்டில் படுகு பேசுகிறவள்.
"எனக்கும் தமிழ் பள்ளிக்கூடத்துல வந்ததுதான்" என்றாள் இருட்டில்.
"மிஸ் திட்டினாகூட சிரிப்பேன்.
புகழ்றாங்கன்னு நினைச்சுக்குவேன்."
நான் கடல் தாண்டி வந்திருக்கிறேன்,
அவள் ஒரு மணி நேரம் பஸ்ஸில்.
சுடுதண்ணீர்ப் பையை என் பக்கம் காலால் தள்ளிவிட்டு
தூங்கிப்போனாள்.

அது ஆறுதலா என்று சொல்லத் தெரியவில்லை.
சூடாக இருந்தது.

ஜனவரியில் ரேஸ்கோர்ஸ் புல்லெல்லாம் உறைபனி.
தம்பிக்குப் போனில் காட்டினேன்.
"செமயா இருக்குல்ல?"
"அக்கா, நீ டிவில பேசற மாதிரி பேசற லா."
சிரித்துக்கொண்டே சொன்னான்.
அதன்பின் இரண்டு வாக்கியம்
வழக்கமாகப் பேசிப் பார்த்தேன்,
எது வழக்கம் என்று தேடித் தேடி.

விரல் மரத்துப்போய்க் கடைக்கு வந்தேன்.
மரியதாஸ் அண்ணன் பாலைச் சாய்க்கப் போனவர்
என்னைப் பார்த்ததும் கையை நிறுத்தி
உள்ளே சத்தம் போட்டார்:
"டேய், கோசோங்குக்கு ஒரு டீ!"

மலாயில் அதற்குக் காலி என்று பொருள்.
நான் சொல்லவில்லை.

சர்க்கரை போட்டிருந்தார்கள்.
குடித்தேன்.