ரெய்ஸ்

ஜெராக்ஸ், லேமினேஷன், மொழிபெயர்ப்பு.
தேவகோட்டை கோர்ட்டு வாசல் பலகையில்
கடைசியாக இருப்பதுதான் என் பிழைப்பு.
பக்கத்துக்கு நூற்றைம்பது.
ஒற்றைச் சொல்லைத் தூக்கிக்கொண்டு
யாரும் வந்ததில்லை அதுவரை.

செவ்வாய்க்கிழமை பதினொன்றரைக்கு வந்தார்கள்,
நான்கு பங்காளிகள், ஒரு செல்போன்.
பதினொரு புள்ளிக்குப் பாத்தியப்பட்ட வீடு.
ஐந்து புள்ளி இப்படி, ஐந்து புள்ளி அப்படி,
பதினோராவது ஈப்போவில்.
உண்ணாமலை. அங்கேயே பிறந்தவள், தமிழ் வராது.
பதினான்கு விநாடி பேசி அனுப்பியிருக்கிறாள்,
நடுவில் ஒரு மோட்டார் சைக்கிள் குறுக்கே போகிறது.
வீட்டை ரெய்ஸ் பண்ணிவிடுங்கள்.
அவ்வளவுதான்.

எழுப்பச் சொல்லுது பிள்ளை, என்றார் முன்கட்டுக்காரர்.
இடிக்கச் சொல்லுது, என்றார் பின்கட்டுக்காரர்.
முத்திரைத்தாள் ஒரு வினைச்சொல்லுக்காகக் காத்திருந்தது.
ஏழு முறை கேட்டேன்.
இரண்டு பேர் சொன்னதும் சரி.

எழுத்தில் வழக்கே இல்லை:
ஒன்றில் ஐயும் எஸ்ஸும், மற்றதில் வெறும் இசட்.
காதில்தான் இரட்டைப்பிள்ளைகள்.
பூர்வீகம் கேட்டால் பங்காளிகூட இல்லை.
முதலாவது, வடகடலில் துடுப்புப் போட்டு வந்தவர்கள்
இங்கிலாந்துக் கரையில் விட்டுப்போனது.
நமக்கு எழு, எழுப்பு என்பதுபோல
ரைஸ் என்பதற்குப் பிறவினை
(அரிசி இல்லை, அந்த ரைஸ் வேறு).
சுவர், கை, கேள்வி, கடன், பெற்ற பிள்ளை
எதைக் கொடுத்தாலும் தூக்கி நிறுத்தும்.
அடுத்தது லத்தீனில் எதையோ சுரண்டிக்கொண்டிருந்தது,
பிரெஞ்சுக்காரன் வாயில் புகுந்து கூர்மையாயிற்று.
சவரக்கத்திக்கு உடன்பிறப்பு.
என் மேசையில் உருண்டு கிடக்கும் ரப்பருக்கும்
ஏதோ ஒரு வழியில் சொந்தம்.
தாடியை எடுப்பதுபோல்
ஊரை எடுத்துவிட்டுப் போகிற சொல்.

போட்டோவில் அந்த வீட்டுச் சுவரைப் பார்த்தேன்.
சுண்ணாம்பை இழைத்து இழைத்து
மழித்த கன்னம்போல் பளபளத்தது
மழை இறங்கிய இடம் தவிர.

என்ன பாஷை இது,
வாய் திறந்தால் கட்டுவதும் தரைமட்டமாக்குவதும்
ஒரே சத்தம் என்று
வெள்ளைக்காரனைத் திட்டி முடிப்பதற்குள்
ஜேசிபியைப் புளியமரத்தடியில் நிறுத்திவிட்டு
சவரிமுத்து உள்ளே எட்டிப் பார்த்தான்.
"என்னக்கா, அளிச்சிரலாமா?"

எங்கள் பக்கத்து நாக்கு
ழகரத்துக்கு மடங்குவதில்லை.
கொடுப்பதையும் ஒன்றுமில்லாமல் ஆக்குவதையும்
ஒரே மூச்சில் சொல்லிக்கொண்டுதான் இருக்கிறோம்,
அளகம்மை என்று கூப்பிட்டால் திரும்புகிற அழகம்மைகளோடு.
தாளில் எழுதும்போது மட்டும்
தலையைச் சொறிகிறோம்.
திட்டியதை வாபஸ் வாங்கிக்கொண்டேன்.

இரண்டு ரெய்ஸையும் எழுத்துக் கூட்டி அனுப்பினேன்,
கீழே ஒரு கேள்விக்குறி.
ஈப்போக் கடிகாரம் இரண்டரை மணி முன்னால் ஓடுவது,
சாப்பிட்டுவிட்டுக் கண்ணயர்ந்திருப்பாள்.
பின்கட்டுக்காரர் ஜன்னல் வழியாக
ஜேசிபியின் பற்களை எண்ணிக்கொண்டிருந்தார்.
முன்கட்டுக்காரர் மேங்கோப்பு ஓட்டுக்கு
மனக்கணக்குப் போட்டு, விரலை மடக்கி,
பிறகு மடக்குவதை நிறுத்திவிட்டார்.

நீலக் குறி இரண்டு விழுந்தது.
பதில் இந்த முறை எழுத்தில் வந்தது:
எதற்குச் செலவு குறைவோ அதை.

நான்கு பேரும் என் வாயையே பார்த்தார்கள்.
இதில் எந்தச் சொல்லுக்கும் இரட்டை இல்லை,
அகராதி தேவையில்லை,
தமிழில் சொல்ல அரை நிமிடம் போதும்.

முதலில் டீ சொல்லுங்கள், என்றேன்.