நாடா முடியும் இடம்

கேத்தி பாலாடாவில் எங்கள் ஜீப்
இரவு மூன்று மணிக்கு.
பதினோரு பெண்கள், ஒரு தார்ப்பாய்,
நெற்றியில் கட்டிய டார்ச்.
கேரட்டை மண்ணுக்குள் பார்க்க வேண்டியதில்லை.
அடியில் எது பெருத்தது, எது பிளந்தது என்று
இலையின் பச்சை சொல்லிவிடும்.

யோகமலர் எனக்கு அடுத்த பாத்தி.
ஐம்பத்திரண்டு வயது.
மார்கழியில் தூக்குச்சட்டியைப் பாதியில் மூடினாள்.
"ரெண்டு வாய்க்கே நெஞ்சு வரைக்கும் நிக்குது."
ஓமத்தண்ணி குடித்தாள்.
மெடிக்கலில் இளஞ்சிவப்பாய் ஒரு மருந்து.
வேலியோரம் ஒதுங்கப் போனவள்
வந்த காலோடு மறுபடி போனாள்,
மேஸ்திரி பெள்ளி அதையும் கணக்கு வைத்தார்.
நாங்களும் சும்மா இருக்கவில்லை:
"இந்த வயசுல என்னடி, முழுகாம இருக்கியா?"
வயிற்றைத் தடவிக்கொண்டு
அவளும் சிரித்தாள்.

தையில் சுகாதார நிலையத்தில் முகாம்.
அவள் வயிற்றுக்காகத்தான் போனோம்.
நான் துணைக்கு.
எனக்கு ஒன்றுமில்லை,
ஒருநாள் கூலி போன வலி தவிர.

நர்ஸ் எஸ்தர் ராணி
குரலைத் தாழ்த்தாமல் கேட்டாள்:
நின்று போன பிறகு மறுபடி உதிரம் பட்டதா?
புருஷனோடு இருந்த பிறகு?
வெள்ளை, நாற்றத்தோடு?
சுவரில் தொங்கிய காலண்டரைப் பார்த்தபடி
ஒருத்தி தலையாட்டினாள்.
அவளைக் கையோடு ஊட்டிக்கு அனுப்பினார்கள்.

எனக்குக் காடி தொட்டு வைத்து
"ஒரு நிமிஷம் பொறு" என்றாள்.
கூரையின் ஆணிகளை எண்ணினேன்.
முப்பத்தேழாவது ஆணியில்
"வெள்ளையா ஒரு திட்டு தெரியுதுக்கா."

எனக்குத் தெரியும் அந்த வெள்ளை.
விடியுமுன் பள்ளத்துப் புல்மேல் படுத்திருக்கும்.
வெயில் ஏறுமுன் தண்ணீர் தெளித்தால்
இலை பிழைக்கும்.
ஏறிவிட்டால் கருகல்தான்.

ஊட்டியில் சதை எடுத்துப் பார்த்தார்கள்.
"புற்று இல்லை. விட்டால் ஆகலாம்."
ஒரு கம்பியால் அந்தத் திட்டை
உறைய வைத்தே அழித்தார்கள்.
பனியைப் பனியால்.
மூன்று வாரம் தண்ணீராய் வடிந்து நின்றது.

முகாமில் யோகமலருக்கும்
அதே காடி, அதே நிமிஷம்.
"சுத்தமா இருக்கு."
திரும்பும் வழியில் எனக்கும் சேர்த்து வர்க்கி வாங்கினாள்,
ஒரு கடி கடித்து
மிச்சத்தை என் மடியில் வைத்தாள்.
காடி கருப்பையின் வாயை மட்டும்தான் பார்க்கும்,
மேலே பக்கத்துக்கு ஒன்றாய் இருக்கும்
சினைப்பையைப் பார்க்காது என்று
அவளுக்குத் தெரியாது. எனக்கும்தான்.
நர்ஸிடம் வயிற்றைப் பற்றி
அவள் வாயே திறக்கவில்லையாம்.
உப்புசத்தைப் போய் யார் சொல்வார்கள்?

சித்திரையில் குழாயடியில்
அவள் உள்பாவாடையைப் பிழிந்து கொடுத்தபோது
நாடாவைப் பார்த்தேன்.
முடிச்சு விழுந்த இடத்தில் நசுங்கிய தடம்.
இரண்டு விரல் தள்ளி இன்னொன்று.
அப்புறம் இன்னொன்று.
கடைசியில் நீளம் போதாமல்
சேலைக் கிழிசலை ஒட்டுப் போட்டிருந்தாள்.
கையும் காலும் குச்சியாகிக்கொண்டிருக்க
வயிறு மட்டும் ஏறிய கணக்கை
அந்த நாடா
மாசாமாசம் எழுதி வைத்திருந்தது.
நான் படிக்கத் தெரியாதவள் போல
பக்கத்துப் பாத்தியில் இருந்திருக்கிறேன்.

ஸ்கேன். நீர் கோத்த வயிறு. கோயம்புத்தூர்.
நாலாவது ஊசி முடிந்திருக்கிறது.
நேற்று போனில்
"ஒரு இட்லி முழுசா தின்னேன்டி" என்றாள்.
அதற்கு மேல் நான் கேட்கவில்லை.

மூன்று மணி ஜீப்பில் இப்போது
நான்தான் கேட்கிறேன்:
"போன மாசம் முடிஞ்ச எடத்துலதான் நாடா முடியிறியா?"
"உனக்குக் கிறுக்குடி" என்று சிரிக்கிறார்கள்.
டிரைவர் உள்விளக்கை அணைத்ததும்
பேச்சு நிற்கிறது.
கம்பளிக்குள், இருட்டில்
யாரோ தன் இடுப்பைத்
தொட்டுப் பார்க்கிறாள்.