பதினோராம் பக்கம்

பகலில் நான் ஜவ்வரிசி ஆலையில் கணக்கு எழுதுகிறவன்.
மூட்டைக்குத் தொண்ணூறு கிலோ,
ஈரம் இத்தனை, தூசி இத்தனை.
இரவில் செவ்வாய்ப்பேட்டை மாடியறையில்
சொற்களை நிறுத்துப் பார்க்கிறேன்:
மூன்று வயது எவ்வளவு தூக்கும்?

இந்தப் புத்தகத்துக்கு எண்பத்தேழு சொற்கள்.
ஒரு காட்டெருமைக் கன்று.
முழங்காலுக்குக் கீழே நாலு காலும் வெள்ளை.
யாரோ காலுறை மாட்டிவிட்டதாக நினைத்துக்கொண்டு
ஊரெல்லாம் கேட்டுப் போகிறது.
மைனாவிடம் கேட்கிறது. நான் இல்லை.
மிளகுக் கொடியிடம். நான் இல்லை.
தபால் பெட்டியிடம்.
தபால் பெட்டி வாயைத் திறந்தபடியே இருக்கிறது;
அதற்கு நான் பதில் எழுதவில்லை.
அதில் எனக்கு இன்னும் கொஞ்சம் கர்வம் உண்டு.

படம் ஜெசிந்தா.
ஏற்காட்டில் தகரக் கூரை வீடு,
மழை வந்தால் போனில் அவளுக்கு ஒன்றும் கேட்காது.
ஆகவே எங்கள் சண்டையெல்லாம் கோடையில்தான்.

பதினோராம் பக்கத்தில்
கன்றின் தாயை வரைந்திருந்தாள்.
தாயை என்றா சொன்னேன்?
கால்களை மட்டும்.
பக்கத்தின் மேல்விளிம்பு வரைக்கும் கருப்பு,
அடியில் நாலு பெரிய வெள்ளை.
நடுவில் கன்று, அண்ணாந்து.
கீழே நான் எழுதியிருந்தேன்:
அட, அம்மாவுக்கும் அதே காலுறை!

"அதை எடுத்துடுங்க" என்றாள்.
முடியாது என்றேன்.
பத்துப் பக்கம் ஏறி வந்ததே அந்த ஒரு வரிக்காக.
"பேர்லயே குழந்தை இருக்கு, குழந்தைவேலு.
ஆனா ஒரு குழந்தையக்கூட நீங்க நம்ப மாட்டீங்க."
அந்த மாதம் மழையே இல்லை.
ஒரு சொல் தப்பாமல் கேட்டது.

ஞாயிற்றுக்கிழமை
மாதிரிப் பிரதியை மடியில் வைத்துக்கொண்டு
ஏற்காடு பஸ் ஏறினேன், நேரில் சண்டை போட.
வழிக்கு அந்தப்புறம்
ஒரு பெண்ணின் மடியில் ஒரு பொடியன்,
குமட்டலுக்கு மோந்து பார்க்கக் கையில் எலுமிச்சை.
பேர் கேட்டேன். எலுமிச்சையை நீட்டினான்.
புத்தகத்தை அவனே எடுத்துக்கொண்டான்.
அவனுக்கு எழுத்து தெரியாது.
ஆகவே என் எண்பத்தேழு சொற்களும்
அடிவாரத்திலேயே இறங்கிவிட்டன.

கொண்டை ஊசி வளைவுகளில்
பஸ் மூச்சுப் பிடித்துத் திரும்பத் திரும்ப
அவனும் ஒவ்வொரு தாளாகத் திருப்பினான்.
வளைவுக்கு அப்பால் என்ன என்று
டிரைவருக்குத் தெரியும், ஹாரன் அடித்தார்.
இவனுக்குத் தெரியாது.
அதனால் மெதுவாக.

பதினோராம் பக்கம்.
பார்த்துக்கொண்டே இருந்தான்.
ஒரு வளைவு போயிற்று. இன்னொன்றும்.
கைப்பிடிச் சுவரில் குரங்குக் கூட்டம்,
பஸ்ஸே எட்டிப் பார்த்தது, அவன் பார்க்கவில்லை.
பிறகு குனிந்து
சரிந்து கிடந்த தன் இடது காலுறையை
இழுத்துவிட்டுக்கொண்டான்.
நிமிர்ந்து, அம்மாவின் புடவைக் கரையைத் தூக்கி
அவள் காலைப் பார்த்தான்.
ரப்பர் செருப்பு, வெடித்த குதிகால்.
"உனக்கு எங்க?" என்றான்.

அவள் ஒன்றும் புரியாமல் என்னைப் பார்த்தாள்.
நான் எதையும் எழுதியிராத ஆள் மாதிரி
பள்ளத்தாக்கைப் பார்த்தேன்.

எலுமிச்சை நசுங்கியது அப்போதுதான்.
சாறு என் வரியின் மேல் விழுந்திருந்தால்
கதையாக இருந்திருக்கும்.
விழுந்தது தாயின் பின்னங்காலில்.

ஜெசிந்தா கறையை முகர்ந்து பார்த்தாள்.
"பரவால்ல, சேத்துல மிதிச்சிருக்கு" என்று
தூரிகையைத் தோய்த்தாள்.
நான் பென்சில் எடுத்து
நாலு சொற்களை அடித்தேன்.
இருப்பு எண்பத்து மூன்று.
அவள் கவனிக்காதவள்போல் காப்பி கொடுத்தாள்.
அரைக் கோப்பை குடிப்பதற்குள்
"அந்தத் தபால் பெட்டிப் பக்கத்தையும்
எடுத்துடலாமா?" என்றாள்.

நான் சொன்ன பதில்
திடீரென்று தகரத்தில் இறங்கிய மழையில்
அவளுக்குக் கேட்கவில்லை.