எட்டாம் வேற்றுமை

தூன் நகரப் பூங்காவில் வட்டமாய் ஒரு கட்டடம்.
உள்ளே, சுவரைச் சுற்றி ஒரே ஓவியம்:
இருநூறு வருடத்துக்கு முந்திய இதே ஊர்,
யாரோ கூரைமேல் நின்று பார்த்தபடி.
புகைபோக்கிகள், திறந்த ஜன்னல்கள்,
ஜன்னலுக்குள் ஆட்கள்.
ரெகுலா கண்ணாடியைத் துடைத்துத் துடைத்துப் பார்த்தாள்.
"ஒருத்தரும் ஒருத்தரையும் கூப்பிடவில்லை" என்றேன்.
"படம் என்றால் அப்படித்தான், தர்மினி."
இவ்வளவு கிட்டக் கிட்ட வீடுகள்.
ஒரு வாய்கூடத் திறந்திருக்கவில்லை.

பதினொரு வருடமாக
ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில்
அவளும் நானும் ஒரு விரிப்பின் இரண்டு முனைகள்.
இயந்திரம் மடிக்க மறுக்கும் பெரிய துணிகளை
இழுத்து, உதறி, நடந்து வந்து
விரலோடு விரல் வைத்து முடித்து
மறுபடி விலகுவோம்.
வருகிற மாதம் அவளுக்கு ஓய்வு.
"ஏரிக்கரையில் இருக்கிறாய், மேலே ஏறியதே இல்லையா?"
இல்லை.
மலை என்பது எனக்கு
பஸ் ஜன்னலில் வருவது,
குடை வேண்டுமா என்று சொல்வது.

மஞ்சள் பலகைகள் இங்கே தூரம் சொல்வதில்லை,
நேரம் சொல்கின்றன.
ஒரு மணி ஐம்பது நிமிடம்.
யாருடைய ஒரு மணி ஐம்பது?
யாருடைய முழங்கால்?
வதிவிட அனுமதிக்கு நான் காத்திருந்த ஏழு வருடத்தில்
எந்தச் சந்தியிலும் பலகை இருக்கவில்லை.
இது பொய்யென்றாலும் ஓர் எண் தருகிறது,
அதற்கே கும்பிடலாம்.
எங்களுக்கு மூன்று மணி நேரம் எடுத்தது.
சப்பாத்துக் கடித்தது, ரெகுலா பிளாஸ்டர் ஒட்டினாள்.
ஒரு மாடு பாதையின் நடுவே நின்று
எங்களை யோசித்து யோசித்து மென்றது.

பிறகு, சீக்ரிஸ்வில் பாலம்.
பள்ளத்தாக்கின் குறுக்கே இரும்புக் கயிறுகள்,
காலுக்குக் கீழே மரங்களின் உச்சந்தலை.
நடுவில் தொய்வு, ஈர விரிப்பைப்போல.
நான் கதைத்தபடியே நடந்துவிட்டேன்.
மறுகரையில் திரும்பினால்
கதை கேட்க ஆளில்லை.

இந்த மலையில் பிறந்தவள்
அந்த முனையில் கைப்பிடியை இறுக்கிக்கொண்டு
ஒரு சிவப்பு ஜாக்கெட் அளவுக்குச் சிறுத்து நின்றாள்.
அறுபத்துநான்கு வயது. ஒருநாளும் சொன்னதில்லை.
சாப்பாட்டுப் பெட்டி இரண்டும் என் பையில்.

முந்நூற்றுச் சொச்சம் மீட்டர்.
எங்கள் கணக்கில் கூப்பிடு தூரம்.
பலகையில் எழுத முடியாத அளவு அது:
காற்றுக்கும் தொண்டைக்கும் ஏற்ப நீளும், குறுகும்.
மறுமுனையில் காது இல்லாவிட்டால்
தூரமே இல்லை.

அவளுடைய மொழியில் வேற்றுமை நான்கு.
நான்கையும் பிழைவிட்டுத்தான் பாஸானேன்.
கூப்பிடுவதற்கென்று அதில் ஒன்றும் இல்லை.
எங்களிடம் இருக்கிறது, எட்டாவதாக,
கடைசிப் பிள்ளையைப்போல.
அவள் பெயரோ ஏற்கெனவே நெடிலில் முடிகிறது.
இன்னும் இழுத்தேன்:
ரெகுலாஅஅஅ.

எனக்கு முன்னே பாறை அதைச் சொல்லிப் பார்த்தது.
அவள் கை உயர்ந்தது.
வருகிறேன் என்றா, போ என்றா, மாட்டேன் என்றா?
அவ்வளவு தூரத்தில் மூன்றுக்கும் ஒரே கை.
பிறகு ஜாக்கெட் மரங்களுக்குள் போய்விட்டது.

நாற்பது நிமிடம்.
எதிரே நீசன் மலை,
சிறுபிள்ளை வரைகிற மலையைப் பார்த்து வரைந்ததுபோல.
கீழே ஒரு கப்பல் வெள்ளைக் கோடு கிழித்தது.
ஏரி அதை அவசரமில்லாமல் அழித்தது.
நான் ஒரு பெட்டியைத் திறந்து, மணந்து, மூடினேன்.

வளைவில் ட்ராக்டர் சத்தம்.
ஓட்டுநரின் பக்கத்தில், ஜாக்கெட்டைவிடச் சிவந்த முகத்தோடு
அவள் இறங்கினாள்.
"சுற்றிவர ஒரு றோட்டு இருக்கிறது" என்றாள்,
றோட்டை நேற்றுத்தான் போட்டதுபோல.
"பசிக்கிறது. எங்கே என் பெட்டி?"

ட்ராக்டர்காரர் இயந்திரத்தை நிறுத்தாமல்
என்னை மேலும் கீழும் பார்த்தார்.
"நீங்களா கூப்பிட்டது?"
"ம்."
"எங்கள் வீட்டில் மூன்று பேரும்
வெளியே வந்துவிட்டோம்."