இரண்டு பட்டை கூடுதல்

ஜெனரேட்டரைக் கொக்கியில் மாட்டியதும்
பின்பக்கம் குந்திவிடும் என் வண்டி.
முகப்பு விளக்கு சாலையை விட்டுவிட்டு
மாடி ஜன்னல்களைத் தேடும்.
மூலக்கொத்தளத்தில் ஒருவர்
லுங்கியோடு பால்கனிக்கு வந்து
என் அம்மாவை விசாரித்தார்.

ஸ்டீயரிங்கில் கனமே இருக்காது.
முன்சக்கரங்கள்
தரையைத் தொட்டும் தொடாமலும்,
கடன் கொடுத்தவன் வீட்டைத் தாண்டுகிற கால்கள் மாதிரி.

ஏழு கல்யாணம், மூன்று காதுகுத்து, ஒரு சாவு.
அந்தச் சாவுக்குப் போகையில்தான்
பேசின் பாலத்து இறக்கத்தில்
பின்னால் வந்தது
முன்னால் போகப் பார்த்தது.

மறுநாள் புதுப்பேட்டை.
தில்லிபாபு வண்டிக்கடியில் படுத்துக்கொண்டே பேசுவான்.
எனக்குத் தெரிந்தது அவன் செருப்பு மட்டும்.
"அஞ்சு பட்டைல மூணாவது உடைஞ்சிருக்கு.
நீ வண்டி ஓட்டல, தவழுற."

சென்டர் போல்ட்டை விட்டதும்
துரு உதிர்ந்து விரிந்தன பட்டைகள்,
தோற்றவன் கீழே போட்ட சீட்டுக்கட்டாய்.
பழைய லாரி ஒன்றின் இரண்டு பட்டை,
கிலோக் கணக்கில் விலை.
வளைவு சேரவில்லையென்று நவாஸ்
கல்லில் வைத்து அடித்தான்.
அடிக்கு ஒருமுறை நிறுத்தி,
ஒரு கண்ணை மூடிப் பார்த்து,
மறுபடி அடித்தான்.
புது யூ போல்ட், புது புஷ், தடித்த ஷாக் அப்சர்பர்.
"ஏர் பேக் போட்டா?" என்றேன்.
"அது உன் மூணு மாச டியூ" என்றது செருப்பு.

முடித்ததும் முதல்முறையாக வெளியே வந்தான்.
நான் நினைத்ததைவிடக் குள்ளம்.
"பட்டையதான் கூட்டிருக்கேன், பிரேக்கைக் கூட்டல.
ஆர்.சி. புக்குல இருக்கிற எடையும் அதேதான்.
ஏத்துறது உன் இஷ்டம்.
நிக்கிறது வண்டி இஷ்டம்."

பதினான்காயிரத்து முந்நூறு.
ஏஞ்சலின் எடுத்த சீட்டுப் பணம்.

அன்றிரவே கொருக்குப்பேட்டையில் ஒரு வளைகாப்பு.
நூற்றைம்பது நாற்காலி, சீரியல் பல்ப் மூட்டை,
பின்னால் ஜெனரேட்டர்.
வண்டி குந்தவில்லை.
வெளிச்சம் சாலைமேல் விழுந்தது.
இத்தனை நாள் தெரியாமல் இறங்கி ஏறிய குழிகளை
ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டே போனேன்.
யாரோ பெற்றெடுக்கப்போகும் பிள்ளைக்காக
விடியும்வரை டீசல் ஊற்றினேன்.
ஸ்டான்லியில் ஏஞ்சலினுக்கு அது நான்காம் ராத்திரி.
கர்ப்பப்பையை எடுத்திருந்தார்கள்.

காலையில் டிஸ்சார்ஜ் என்றார்கள்.
ஆட்டோ குலுக்கும் என்று நான்தான் சொன்னேன்,
நம்ம வண்டி இருக்கே என்று.

காலி வண்டி.
கேட்டைத் தாண்டிய முதல் வேகத்தடையிலேயே
பின்பக்கம் துள்ளி எழுந்து விழுந்தது.
தையல் போட்ட வயிற்றை இரு கையாலும் பிடித்துக்கொண்டு
அவள் ஒன்றும் சொல்லவில்லை.
இரண்டாவதில் கண்ணை மூடினாள்.
மூன்றாவது வேகத்தடைகூட இல்லை,
மெட்ரோ வாட்டர் தோண்டி மூடிய கோடு.
"யேசுவே" என்றாள்.

ஒரு டன்னுக்குத் தயாரான வண்டிக்கு
நாற்பத்தெட்டு கிலோ மனுஷி
இருப்பதே தெரியவில்லை.

ஓரங்கட்டினேன்.
எதிரில் தண்ணீர் கேன் கடை.
"இருபத்தஞ்சு கேன் போடு" என்றேன்.
"விசேஷமா?" என்றான்.
நான்தான் தூக்கினேன்,
அச்சுக்கு நேராக, இரண்டு வரிசை,
ஒவ்வொன்றாய்,
பட்டைகள் மெல்ல இறங்கும்வரை.
மேலே ஒரு தார்ப்பாய், சுற்றிக் கயிறு.

தண்டையார்பேட்டை வரை இரண்டாம் கியர்.
பின்னால் ஹாரன்கள்.
என் அம்மாவை இன்னும் நாலு பேர் விசாரித்தார்கள்.
குழிகள் வந்தன,
வண்டி ஒவ்வொன்றிலும் இறங்கி
யோசித்து ஏறியது.
ஏஞ்சலின் கையை வயிற்றிலிருந்து எடுத்து
மடியில் வைத்தாள்.

வீட்டு வாசலில் இறங்கிப் பின்னால் பார்த்தவள்
தார்ப்பாயைத் தூக்கினாள்.
"இருபத்தஞ்சு கேனா?
யாருக்குய்யா கல்யாணம்?"